தண்ணீர் புதைத்தவள்

றஊப் இரும்பு அலவாங்கை ஓங்கிக் குத்தியபோது நிலம் பொதுக்கென்று உள்வாங்கியது. கப்பல்துறைக் கிறவல் மண்ணில் அலவாங்கு இறங்கினால் அதிர்ச்சி கையில் பிடித்துத் தோள்வரை ஏறும். காலையிலிருந்து அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் குத்து மட்டும் பழுத்த பப்பாசிக்குள் கத்தி போவதுபோலப் போய், அடியில் ஓடு நொறுங்கும் சத்தத்தோடு நின்றது. வீட்டின் முன்வாசல் கப்புக்கால் நடுவதற்கென்று தோண்டிய குழி அது. அவன் பெண்சாதி ஸல்ஹா குனிந்து கையாலேயே மண்ணை வாரினாள். முதலில் வந்தது வட்டமாக வெட்டிய ஒரு தகரம். கை கிழியப்போகிறது என்று விரலை இழுத்துக்கொண்டாள், கிழியவில்லை. தகரத்தின் கீழே ஒரு மண்முட்டியின் கழுத்து. முட்டியின் வயிறு உடைந்து கிடந்தது. உடைந்த ஓட்டைத் தூக்கியதும் அதனோடு சேர்ந்து கறுப்பாக, கற்றை கற்றையாக, சிக்குப்பட்ட தலைமயிர் போல ஒன்று எழுந்து வந்தது. முட்டியின் வெளிப்புறம் முழுவதையும் அது சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளே, அடியில், ஒரு சீலைத்துணி முடிச்சு.

“விடு! கையை எடுடி!”

கத்திய றஊப் அலவாங்கைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுக் கண்டி றோட்டில் போய் நின்றான். வலது கையில் கட்டியிருந்த தாயத்தை இடது கை பிடித்திருந்தது. கிண்ணியாத் துறையில் பாதை இழுக்கிறவன் அவன். லொறியும் மாடும் மனிதரும் ஏறி நிற்கிற அந்தப் பெரிய மிதவையைக் கம்பியைப் பிடித்து இக்கரைக்கும் அக்கரைக்கும் இழுக்கிற ஆட்களில் முதல் ஆள். மாரி வெள்ளம் முறுக்கிக்கொண்டு வரும்போதும் சிரித்துக்கொண்டே இழுப்பான். அந்த மனிதன் ஒரு மண்முட்டிக்குப் பயந்து றோட்டில் நின்று கூப்பிட்டான்: “ஸல்ஹா, இஞ்ச வா. பின்னுக்குத் திரும்பிப் பாராம வா.”

அவள் திரும்பிப் பாராமல்தான் போனாள். ஆனால் தகரத்தையும் அந்தக் கற்றையில் ஒரு பிடியையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்தக் காணிதான் அவளுடைய கடைசி நம்பிக்கை. கிண்ணியாவில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். உம்மா மௌத்தானபோது வீடு மூத்தவள், ராத்தா உம்மு குல்சுமுக்குப் போனது. இளையவள் ஸல்ஹாவுக்குக் காதிலும் கையிலும் கிடந்தது மிச்சம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளும் றஊபும் ராத்தா வீட்டின் பக்க அறையில்தான் இருந்தார்கள். ராத்தா கெட்டவள் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் ஸல்ஹா மெதுவாகக் கதைக்கப் பழகியிருந்தாள். தண்ணீர் அள்ளும்போது வாளி கிணற்றில் இடிக்காமல் அள்ளப் பழகியிருந்தாள். தன் சட்டியைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைக்கப் பழகியிருந்தாள். இப்போது ராத்தாவின் மகள் சித்தி பரீதாவுக்கு மாப்பிள்ளை சரிவந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் கலியாணம். வருகிற மாப்பிள்ளைக்கு அந்தப் பக்க அறைதான். அதற்காகத்தான் ஸல்ஹா காதையும் கையையும் வெறுமையாக்கி, திருகோணமலை டவுனில் இருந்த யேசுரட்ணம் என்ற கிளாக்கரிடமிருந்து இந்த வளவை வாங்கச் சொன்னாள். தகப்பன் வழியில் வந்த காணியை அந்தக் கிளாக்கர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லையாம். பெரிய புயல் அடித்து இரண்டு மாரி கழிந்திருந்தது. வளவு முழுவதும் நாயுண்ணிப் பத்தையும் விழுந்த மரங்களும்.

“நான் அப்பவே செல்லல்லியா?” என்றாள் உம்மு குல்சும், கதை கேட்டு முடியும் முன்பே. “அந்தக் காட்டுக்க எவன் நல்ல காணியை விப்பான்? சூனியம் தாட்ட காணி அது.”

“சூனியம் எண்டு எப்பிடி ராத்தா...” என்று ஸல்ஹா மெதுவாகத் தொடங்கினாள்.

“பின்ன? மயிரும் முடிச்சும் முட்டிக்குள்ள கிடந்தா வேறென்ன? பாயாசம் காய்ச்சவா தாட்டு வெச்ச?”

மயிர், துணி முடிச்சு, மூடிய முட்டி, அதுவும் வாசல் வரவேண்டிய இடத்தில். இவை என்னவென்று கிண்ணியாவில் சின்னப் பிள்ளையும் சொல்லும். இப்படி ஒன்று எடுபட்ட வளவில் குடியிருந்தவர்கள் வயிறு வீங்கிச் செத்த கதையும், பிள்ளை தங்காமல் போன கதையும் அன்று பின்னேரம் முழுக்கக் குசினியில் ஓடியது. ஓதிப் பார்க்கிற ஆதம்பாவாவிடம் றஊப் போய்வந்தான். இருக்கிற முட்டியெல்லாம் எடுத்துக் கடலில் விடவேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வந்து பார்க்கிறேன், அதுவரை ஒருவரும் கால் வைக்கவேண்டாம் என்றாராம்.

“எடுத்தாலும் எனக்கு அங்க இருக்க ஏலாது,” என்றான் றஊப், அறைக்குள் வந்து. “வந்த விலைக்கு வித்துப்போடுவம். மூதூர்ல எங்கட காக்காட பின்பத்தி சும்மாதான் கிடக்கு. அங்க கிடப்பம்.”

ஸல்ஹா பாயை உதறி விரித்தாள். ராத்தா வீட்டுப் பக்க அறையிலிருந்து மச்சான் வீட்டுப் பின்தாழ்வாரத்துப் பத்திக்கு. அங்கேயும் வாளி இடிக்காமல் அள்ளவேண்டும். அங்கேயும் சட்டியைத் தனியாகக் கவிழ்க்கவேண்டும்.

படுக்கும்போது தகரத்தை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நல்ல லேசான தகரம். ஏரோப்பிளேன் உடைசலில் வெட்டியதாக இருக்கவேண்டும். சீனக்குடாப் பக்கத்தில் அதை வைத்துத்தான் அகப்பையும் விளக்கும் செய்வார்கள். வெட்டிய விளிம்பை யாரோ சுற்றிவர உள்ளே மடித்து, கல்லால் தட்டித் தட்டிப் படியவைத்திருந்தார்கள். அதனால்தான் கை கிழியவில்லை. நடுவில் ஆணியால் குத்திய சின்னத் துளைகள். ஒரு குடும்பத்தை அழிக்க முட்டி புதைக்க வருகிறவன் களவாக வருவான், அவசரமாகப் புதைப்பான், ஓடுவான். கையைக் கிழிக்காமல் இருக்கட்டும் என்று விளிம்பை மடித்துக்கொண்டா இருப்பான்? மடித்தவள், இதைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடவேண்டியவளாக இருக்கவேண்டும். ‘மடித்தவள்’ என்றுதான் நினைத்தாள். ஏன் பெண் என்று நினைத்தாள் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

விடிந்ததும், ராத்தா எழும்பும் முன், அடுப்பை மூட்டி அந்தக் கற்றையில் ஒரு இழையைக் கொள்ளியில் பிடித்தாள். மயிர் கருகினால் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பரீதாவின் பின்னல் ஒருமுறை விளக்கில் பிடித்தபோது நாற்றம் மறுநாள் சோற்றிலும் மணத்தது. மயிர் சுருண்டு உருகும். இது சுருளவில்லை. ஈர்க்குப்போலச் சிவந்து எரிந்து, வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்தது. மணம், காய்ந்த வைக்கோல் எரிகிற மணம். இன்னொன்றை ஒடித்தாள். ‘டிக்’ என்று ஒடிந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவள் சொல்லி எது நடந்திருக்கிறது? “அலவாங்கு அங்கேயே கிடக்கு,” என்று மட்டும் றஊபிடம் சொன்னாள். “எவனும் தூக்கிட்டுப் போயிடுவான். நீங்க போய் எடுத்திட்டு வாறீங்களா?”

றஊப் சட்டையைப் போட்டான், கழற்றினான். “எனக்கு இண்டைக்குப் பாதை முறை. நீ போ. வளவுக்குள்ள கால் வெக்காத. றோட்டில நிண்டு அந்த வேதக்கார அக்காட்டச் சொல்லி எடு.”

அடுத்த வளவில் இருந்த கிறிஸ்டினைத்தான் அவன் அப்படிச் சொன்னான். புருஷன் சீனக்குடா ஸ்டேசனில் வேலை. ஸல்ஹாவைக் கண்டதும் கிறிஸ்டின் சிரித்துக்கொண்டே வந்தாள். “நேற்று உங்கட மனுசன் ஓடின ஓட்டத்தைப் பார்த்து என்ர நாயும் பின்னால ஓடினது. பாம்போ?”

ஸல்ஹா விசயத்தைச் சொன்னாள். கிறிஸ்டின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு, “நாங்கள் புயலுக்குப் பிறகுதான் வந்தனாங்கள், தங்கச்சி. அப்பவே இது பத்தை,” என்றாள். “முந்தி ஆரோ ஒரு மனுசி தனிய இருந்ததாம். பிளேன் நிக்கிற பக்கம் பழம் கொண்டுபோய் வித்ததாம். சிலபேர் அது ஒரு மலையாளத்தான் விட்டிட்டுப் போன பெண்சாதி எண்டினம். சிலபேர் தம்பலகாமத்துப் பிள்ளை எண்டினம். புயலோட எங்க போச்சுதோ, ஒருத்தருக்கும் தெரியாது.”

“இந்தக் கிறவல்ல பழமா? கிணறு இருந்திச்சா?”

“எங்கத்தைய கிணறு? எங்கட கிணறு போன வருசம் வெட்டினது. அந்த நேரம் தண்ணியெண்டா ஸ்டேசனுக்குத்தான் போகவேணும். றெயிலுக்கு விடுற தண்ணி.”

ஸல்ஹா றோட்டைப் பார்த்தாள். ஸ்டேசன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இல்லை. பிறகு, பிஸ்மி சொல்லி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வளவுக்குள் கால் வைத்தாள். புருஷன் சொல்லை அவள் வெளிப்படையாக மீறியது அதுதான் முதல் தடவை.

பத்தையை விலக்கியபோதுதான் போத்தல்கள் கண்ணில் பட்டன. வெள்ளைக்காரன் குடித்துப் போட்ட பியர்ப் போத்தல்கள், கழுத்தை மண்ணுக்குள் குத்தி, அடிப்பாகம் மட்டும் தெரிய, இரண்டு பக்கமும் வரிசையாக. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு வழி. வழியோடு போனாள். பாதித் தூரத்தில் கற்களை அடுக்கி, மேலே களிமண் பூசிய ஒரு சின்ன மேடை இருந்தது. உட்கார உயரம் கூட, எட்டிப் பிடிக்க உயரம் குறைவு. மேலே வட்டமாக ஒரு பள்ளம். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பிப் போய்க் கிறிஸ்டினிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து, இடுப்பிலிருந்து அதன்மேல் இறக்கினாள். குடத்தின் அடி பள்ளத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. குனியாமல் இறக்க முடிந்தது. குனியாமல் திரும்ப ஏற்றவும் முடிந்தது. நிறைகுடத்தை நிலத்தில் வைத்தால் மறுபடி இடுப்புக்கு ஏற்ற இன்னொருத்தியின் கை வேண்டும். அந்தக் கை இல்லாதவள் கல்லை அடுக்கிக் கை ஆக்கியிருக்கிறாள்.

ஸல்ஹாவுக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. ஆனால் அது துக்கமில்லை. ஒரு நல்ல தையல்வேலையைப் பார்க்கும்போது, ‘அட, இதை எப்படித் தைத்தாள்’ என்று மனம் பூரிக்குமே, அந்த மாதிரி.

அதன் பிறகு முட்டிகள் தாமாகவே கண்ணில் பட்டன. விழுந்து உக்கிய ஒவ்வொரு மரத்தடியிலும் ஒன்று. எல்லா மரங்களும் புயல் போன ஒரே திசைக்குத் தலைவைத்துப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் வேரும் பக்கத்து முட்டியைப் போய் அணைத்துக்கொண்டிருந்தது. உடையாத ஒன்றைத் திறந்து கையை விட்டுப் பார்த்தாள். அடியில் ஒரு துளை. துணி முடிச்சு அந்தத் துளைக்கு மேலே அடைத்துக்கொண்டிருந்தது. அதன் வால் துளையால் வெளியே போய் மண்ணுக்குள் கிடந்தது. குடத்துத் தண்ணீரை அதற்குள் ஊற்றினாள். ஒழுகி ஓடிவிடவில்லை. துணி நனைந்து கறுத்தது, அவ்வளவுதான். தகரத்தால் மூடிவிட்டுக் கிறிஸ்டின் வீட்டில் போயிருந்து தேத்தண்ணி குடித்தாள். பின்னேர பஸ்ஸுக்கு முன் வந்து பார்த்தபோது, மேல் மண் சாம்பலாகக் காய்ந்தே கிடந்தது. விரலால் தோண்டினாள். உள்ளே, முட்டியைச் சுற்றி, மண் கறுத்துக் குளிர்ந்திருந்தது.

வெயில் குடிக்க ஒரு சொட்டும் கொடுக்கவில்லை அந்த மனுசி. ஸ்டேசனிலிருந்து இடுப்பில் சுமந்து வந்ததை மண்ணுக்குள் ஒளித்து, வேருக்கு மட்டும் வழி சொல்லியிருக்கிறாள். தகரத்தின் துளைகள் எதற்கென்றும் இப்போது விளங்கியது. மழை பெய்தால் அதுவும் வீணாகாமல் உள்ளே இறங்கட்டும் என்று. தன் பங்குக்கு நகையைக் கழற்றிக் கொடுத்ததையே பெரிய காரியமாக நினைத்திருந்த ஸல்ஹாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள்ளேயே ஒரு சந்தோசமும் இருந்தது. இப்படி ஒருத்தி இருந்த நிலத்திலா எனக்கு இடம் கிடைத்திருக்கிறது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆதம்பாவா வந்தார். கையில் வெள்ளைத் துணியும் தேசிக்காயும். பின்னால் றஊப். அவனுக்குப் பின்னால், வேடிக்கை பார்க்கவென்றே பாதை ஏறி வந்த உம்மு குல்சும். மூவரும் றோட்டோரம் நின்றார்கள். முந்திய பஸ்ஸிலேயே வந்துவிட்ட ஸல்ஹா வளவுக்குள், உடைந்த முட்டியின் பக்கத்தில் நின்றாள். அதைக் கண்டதும் றஊபின் முகம் செத்துவிட்டது.

“உள்ளுக்கு நிக்கிறாளே! இவளுக்குப் பிடிச்சிட்டு!” என்றாள் ராத்தா.

வழியெல்லாம் ஸல்ஹா மனதில் அடுக்கி வைத்திருந்த சொல் ஒன்றும் வரவில்லை. இப்போது பேசாவிட்டால் முட்டிகள் கடலுக்கு, காணி வேறு ஆளுக்கு, அவள் மூதூருக்கு. முந்தானையை அவிழ்த்து அந்தக் கற்றையை நீட்டினாள். “ஆதம்பாவாக் காக்கா, இதக் கொஞ்சம் கொளுத்தி மணந்து பாருங்க.”

“ஆம்பிளயள் கதைக்கிற இடத்தில...” என்று ராத்தா தொடங்க, ஆதம்பாவா கையைக் காட்டி நிறுத்தினார். நெருப்புக்குச்சி கிழித்தார். மணந்தார். இன்னொரு இழையை ஒடித்தார். அதைக் கடித்தும் பார்த்தார்.

“வேர்,” என்றார்.

“அப்ப முடிச்சு?” ராத்தா விடவில்லை.

சொல்லிக் காட்ட ஸல்ஹாவுக்கு வராது. செய்து காட்ட வரும். வந்ததும் தோண்டி எடுத்துக் கழுவி வைத்த முட்டியில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தாள். துணிவாலில் ஒரு சொட்டு திரண்டது. திரண்டு, யோசித்து, விழுந்தது. ஆதம்பாவா கிட்ட வந்து குந்திக்கொண்டார். அடுத்த சொட்டு விழும்வரை பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

“நானும் ஆண்டாண்டா மணல்ல வத்தகைக் கொடி போட்டு, வெயிலுக்குத் தண்ணி ஊத்திச் செத்துக்கிட்டிருக்கேன். எனக்கு இந்தப் புத்தி வரல்லியே! ஆருடி இந்தப் பொம்புள?”

“தெரியாது, காக்கா. பேர் ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

அவர் தேசிக்காயை மடியில் கட்டினார். வெள்ளைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினார். றஊபும் றோட்டில் நின்றபடியே ஏந்தினான்.

“ஆரெண்டும் தெரியாது, என்ன சமயமெண்டும் தெரியாது. அவளுக்கா துஆ?” என்றாள் ராத்தா.

“தண்ணி வெச்ச ஆளுக்கு. பேரை அல்லாஹ் அறிவான். நீ ஆமீன் செல்லு.”

ஆமீன் சொன்னாள். ஆனால் போகும்போது, “நான் இந்த வளவில கை நனைக்கமாட்டன், இப்பவே செல்லிட்டன்,” என்றும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஆதம்பாவா ஒரு முட்டியைக் கேட்டு வாங்கி, மடியில் பிள்ளையைப்போல வைத்துக்கொண்டு அவளோடு போனார்.

றஊப் மட்டும் றோட்டோரம் நின்றான். “அவர் செல்லிட்டார், சரி,” என்றான். “எனக்கும் விளங்குது. கால்தான் ஏலாதெண்டுது.”

ஸல்ஹா அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வரவைத்தால் அது அவள் வீடாகத்தான் இருக்கும், அவனுடையதாகாது. மிச்ச முட்டிகளைப் பார்க்கப் பின்மூலைக்குப் போனாள். அங்கே நாயுண்ணி தலைக்கு மேலே அடர்ந்திருந்தது. அதற்குள் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. நாயுண்ணிப் பூவின் சிவப்பு இல்லை. முள் கீறக் கீற இழுத்துப் பிரித்தாள். புயல் சாய்த்த ஒரு மாதுளை, தரையோடு தரையாகக் கிடந்து, கிடந்த இடத்திலிருந்தே இரண்டு கொப்பை மேலே எறிந்திருந்தது. ஒரு கொப்பில் பூ. அதன் அடியிலும் மடித்த விளிம்போடு ஒரு தகரம். திறந்தாள். முட்டி வறண்டு, உள்ளே எறும்பு ஓடியது. கழுத்தோரம் மண்ணைத் தள்ளியபோது வேர் தெரிந்தது, கறுப்பில்லை. பால்நிறத்தில் நுனி விட்ட வேர்கள், இரண்டு மாரியாக ஒருத்தரும் நிரப்பாத அந்த முட்டியை இன்னமும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

குடத்தைச் சரித்து வாய்வரை நிரப்பினாள். காய்ந்த ஓடு ஸ்ஸ் என்றது. பிறகு உள்ளிருந்து, மெதுவாக, டிக், டிக் என்று ஏதோ கேட்கத் தொடங்கியது. அவள் நிலத்தில் காதை வைத்துப் படுத்தாள்.

“என்னடி? என்ன சத்தம்?”

குரல் கிட்டத்தில் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமல் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். சற்று நேரத்தில், பாதை இழுத்துக் காய்த்த அந்தப் பெரிய உடம்பு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்தது. தாயத்துக் கட்டிய கை மண்ணில் ஊன்றியிருந்தது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

“குடிக்கிது,” என்றான் றஊப்.

“ஓம்.”

காதை எடுக்காமலே அவன் கேட்டான்: “குசினியை இந்தப் பக்கம் வெச்சா, இந்த மரத்துக்கு வெயில் விழாதே?”

ஸல்ஹா எழும்பி உட்கார்ந்து முட்டிக்குள் பார்த்தாள். அதன் வாயளவு வட்டமாக வானம் உள்ளே கிடந்தது, ஒரு துண்டு மேகத்தோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வட்டம் ஓசையில்லாமல் கீழே, வேர்களின் பக்கமாக, இறங்கிக்கொண்டிருந்தது.